எழுபத்தேழு சீட்டுகள்

அஸ்தம்பட்டி லேப்பில் இரவு முறை.
மூன்று மணிக்கு மேல்
சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி நிற்கும்வரை
பன்னிரண்டு நிமிடம் எனக்குச் சொந்தம்.
ரிப்போர்ட் மேசையைத் துடைத்துவிட்டு
ஒரு சீட்டு எடுப்பேன். ஒன்றே ஒன்று.

ஜெசிந்தா மஸ்கட் போகும்போது விட்டுப்போன டாரட் கட்டு.
"வரப்போறதெல்லாம் இதுல தெரியாதுடி,
தூங்காம இருக்க உதவும்" என்றாள்.
ஓரமெல்லாம் நைந்து
கையுறைப் பவுடர் வாசனை.

பஸ் ஸ்டாண்டில் கிளி எடுத்துக் கொடுத்தால்
அர்த்தம் சொல்ல ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்.
இங்கே கூண்டைத் திறப்பது நான்,
நெல்லுக்கு நடந்து வருவது நான்,
நம்பாமல் நின்று பார்ப்பதும்.

பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன்:
தேதி, சீட்டு, முதலில் தோன்றியது.

ஜூன் 11. நான்கு காசு.
கிரீடம் வைத்த ஒருவன்.
தலைமேல் ஒரு காசு, மார்போடு அணைத்தது ஒன்று,
காலுக்கு ஒன்றாய் மிதித்தது இரண்டு.
பின்னால் ஒரு ஊரே இருக்கிறது,
அவன் திரும்பவில்லை.
எழுதியிருக்கிறேன்: அண்ணன்.

ஜூன் 14. மறுபடி அவனே.
எழுதியிருக்கிறேன்: அண்ணனேதான்.
அழுத்தியதில் அடுத்த தாளிலும் விழுந்திருக்கிறது.

நாகலூரில் அப்பாவின் ஒண்ணேகால் ஏக்கர்.
காப்பி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு,
மழைக்கு ஒழுகும் ஒரு கொட்டகை.
வரும் வியாழன் விடுதலைப் பத்திரம்.
"ஒரு கையெழுத்துதாம்மா" என்றான் மாதேஸ்வரன்,
கடைக்குப் போகிறவளிடம்
ஒரு உப்புப் பாக்கெட்டும் சேர்த்துச் சொல்வதுபோல.
அண்ணி போனை வாங்கி,
பஸ் வேண்டாம், கொண்டைஊசி வளைவில்
உனக்கு வாந்தி வரும், கார் அனுப்புறோம் என்றாள்.
என் வாந்தி வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.
சரி என்றேன்.
எனக்கெதுக்கு நிலம் என்றும் சொன்னேன்,
யாரும் கேட்காமலே.

ஜூன் 17. அவன்.
அன்று ஒன்றும் எழுதவில்லை.
கட்டிலிருந்து அவனை உருவி
டிராயரில் லான்செட் டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

எழுபத்தேழில் துறவி வந்தார், விளக்கோடு.
தலைகீழாய்த் தொங்குகிறவன் வந்தான்,
முகத்தில் வலியே இல்லை.
நட்சத்திரம் வந்தது, குடம் குடமாய்த் தண்ணீர்.
ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதினேன்,
நல்ல கையெழுத்தில்.
கண் மட்டும் டிராயரில் இருந்தது.

நேற்று ஒரு பெரியவரின் பொட்டாசியம்
நம்பமுடியாத அளவு காட்டியது.
வழக்கம்போல் மறுபடி ஓட்டினேன். அதே எண்.
புதிதாய் ரத்தம் எடுத்து ஓட்டினேன். அதே எண்.
மூன்று முறை ஒன்றே வந்தால்
நாங்கள் மெஷின்மேல் பழி போடுவதில்லை,
வார்டுக்குப் போன் செய்வோம்.

போனை வைத்துவிட்டு
டீயோடு மொட்டைமாடி ஏறினேன்.
வடக்கே சேர்வராயன், இருட்டுக்குள் இன்னொரு இருட்டு.
ஏற்காடு ரோட்டில் ஒரு லாரி விளக்கு
வளைவில் தெரிந்து மறைந்தது.
ரொம்ப நேரம் கழித்து
நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே
தெரிந்தது.

கீழே வந்து டிராயரைத் திறந்தேன்.
இந்த முறை முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன்.
பிடுங்கியவன் பிடி இல்லை அது.
கூட்டத்தில் படியில் நிற்கிறவள்
கம்பியைப் பிடிக்கிற பிடி.
பெருந்தன்மை என்று நான் பெயர் வைத்திருந்ததை
இத்தனை நாளாய் இப்படித்தான் பிடித்திருந்தேனா?
நல்ல தங்கச்சி என்ற ஒரு காசு தலையில்,
கேட்டு அசிங்கப்படக் கூடாது என்பது மார்பில்.
காலுக்கடியில் இருந்தவற்றுக்கு
இன்னும் பெயர் தெரியவில்லை.

ஜூன் 22. நான்கு காசு.
தானாய் வந்ததல்ல, தேடி எடுத்தது.
அதற்குக் கீழே
எனக்கு வேணும்
என்று எழுதிப் பார்த்தேன்.
சின்ன எழுத்து. வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது.
அடித்துவிடவில்லை.

எவ்வளவு வேணும், பாதியா,
அந்தக் கொட்டகை மட்டுமா,
கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவதா
எதுவும் சீட்டில் இல்லை.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றது.
அவனைக் கட்டுக்குள் செருகி மூடினேன்.
ஆறு மணிக்கு மாதேஸ்வரனுக்கு:
கார் வேண்டாம்ணா. பஸ்லயே வரேன்.
கையெழுத்துக்கு முன்னாடி பேசணும்.
இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில்
ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டேன்,
வியாழக்கிழமை வளைவுகளுக்கு.