மூவாயிரத்து அறுநூறு

நாரான்தூல் சந்தையில்
கையுறை விற்பவனுக்கு அடுத்த கடை.
அங்கேதான் வாங்கினாள் துல்கூன்,
இரண்டு நினைவகப் பட்டைகள்.
வெறும் பச்சை. முதுகில் வெள்ளித் தகடில்லை,
மினுக்கும் விளக்கில்லை.
ஒட்டுத்தாளில் 2666.

பூட்ஸின் பனியை உதறாமலே சொன்னாள்:
"இது இதன் வேகமில்லை.
விற்றவனுடைய பயத்தின் வேகம்."

ஒரே சிலிக்கான் வட்டிலிலிருந்து
வெட்டியெடுத்தவைதானாம் எல்லாமே.
தரம் பிரித்த அன்று யாருக்கோ அவசரம்.
சிலதுக்குத் தங்கச் சட்டை,
சிலதுக்கு இந்த எண்.

அவள் தொழில் பல் செய்வது.
மருத்துவமனைகள் வாயின் அச்சை அனுப்பும்,
அவள் திரையில் உறை செதுக்குவாள்.
எங்கள் மலிவுப் பெட்டியில்
ஒரு கடைவாய்ப்பல்லைத் திருப்பினால்
அது நொண்டி நொண்டித் திரும்பும்.
புதுப் பெட்டிக்கு ஆறு மாதச் சம்பளம்.
எண்ணை ஏற்றக் காசு வேண்டாம்.

ஏற்றினாள்.
2933. எழுந்தது.
3200. எழுந்தது. நான் தேநீரில் உப்புப் போட மறந்தேன்.
3600.
கறுப்புத் திரை. விசிறி மட்டும்
ஒன்றும் நடக்காதது போலச் சுற்றியது.

தாய்ப்பலகையின் காசளவு பேட்டரியைக்
கத்தி முனையால் நெம்பி எடுத்து,
நூறு எண்ணி, திரும்ப வைத்தாள்.
செய்த தவறெல்லாம் மறந்துபோக
அவ்வளவு போதுமாம்.

பிறகு மின்னழுத்தத்தில் ஒரு சிட்டிகை.
காத்திருப்பு எண்ணில் பதினெட்டை இருபதாக்கி,
மனம் கேளாமல் பத்தொன்பதாக்கி, மறுபடி இருபது.
ஐந்தாம் இரவு நின்றது.
ஆறு மணி நேரச் சோதனை, பிழை சுழியம்.
விடியுமுன் என்னை உலுக்கி எழுப்பிக் காட்டினாள்:
பல் எண்ணெயில் விட்டதுபோல் சுழன்றது.

எனக்கு வேலை அனல் நிலையத்தில்.
எங்கள் கொதிகலனின் நெற்றியிலும் ஒரு தகடு உண்டு,
எவனோ எங்கோ அடித்த எண்.
ஜனவரியில் உலான்பாத்தர் முழுக்கப்
பற்கள் தந்தியடிக்கையில்
அதை யார் படிக்கிறார்கள்?
முள் சிவப்பில் கிடக்கும்.
மேற்பார்வையாளர் சுக்பாத் முதுகைக் காட்டி நிற்பார்.
அதனால்தான் அவளிடம் நான் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு அவளுக்கு இருமல்.
கரிப்புகை வேண்டாமென்று ஜன்னலைச் சாத்தினோம்.
எங்கள் அறைச் சூடேற்றிக்குத் திருகு கிடையாது,
நகரம் அனுப்புவதை அறை வாங்கிக்கொள்ளும்.
இருபத்தொன்பது டிகிரி. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இங்கே வா," என்றாள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கீழ்க் கடைவாய்ப்பல்.
எல்லாப் புள்ளிகளும் இருந்த இடத்தில் இருக்க,
ஒன்றே ஒன்று மட்டும்
பல்லைக் கிழித்து, தாடையைக் கிழித்து,
திரையின் விளிம்பைத் தாண்டி ஓடியிருந்தது.
சேமித்தும் விட்டிருந்தாள்.

ஒன்று இருந்த இடத்தில் சுழியம்.
ஒரே ஒரு இடம்.

அவள் விளக்கினாள்:
ஒவ்வொரு கண்ணறையும் ஓட்டைக் குடம்.
நொடிக்குப் பதினைந்து முறை
தன்னைத் தானே நிரப்பிக்கொள்கிறது,
இல்லாவிட்டால் எதை வைத்திருந்தோம் என்பதே அதற்குத் தெரியாது.
சூடு கூடினால் ஒழுக்கு கூடும்.
ஐந்து இரவுகளும் தேறியது பட்டையல்ல,
ஜன்னல்.

"யார் அனுப்புகிற சூடு இது?"
என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

திறந்தால் புகை, சாத்தினால் பிழை.
நெடுநேரம் எண்களைப் பார்த்திருந்துவிட்டு
3466 என்று தட்டினாள்.
பல்லை முதலிலிருந்து செதுக்கினாள்,
இருமி இருமி.

அன்றிரவு பணியில்
முள் சிவப்பைத் தாண்டி இரண்டு கோடு.
கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.
இறங்கவில்லை.
வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
தூரத்துக் கட்டடம் ஒன்றில்
யாரோ வியர்வையோடு எழுந்துவந்து
ஜன்னலைத் திறந்தார்கள்.