ஒன்பது எழுநூறு

ஓண லீவுக்குப் போகலாம் என்று முடிவானது
ரப்பர் ஷீட் பில்லின் பின்பக்கத்தில்.
சஜிலா எழுதினாள்:
வாந்திக்குச் சிரப். மாற்று உடுப்பு ஏழு.
மூத்திரத் துணி, பை கொள்ளும் மட்டும்.
டோனுவின் தலையணை, நாற்றத்தோடே, துவைக்கக் கூடாது.
ஏத்தங்காய்ப் பொடி.
அதைக் கிண்டப் படகில் அடுப்புத் தருவார்களா, கேள்.

கொல்லத்தில் ஏறி
அஷ்டமுடிக் காயலில் ரெண்டு ராத்திரி.
களியக்காவிளையிலிருந்து பஸ்ஸா
பாறசாலையிலிருந்து ரயிலா என்பதற்கே
ஒரு வாரம் போயிற்று.
பஸ் என்றால் ஷெரின் பாலராமபுரம் தாண்டாமல் கக்குவாள்.
ரயில் என்றால் டோனுவை மூணு மணிக்கு எழுப்பணும்;
எழுப்பினவர் யாரோ அவர்தான் அன்று முழுக்கத் தூக்கணும்.

ஷெரினுக்கு வேறு கணக்கு.
வீட்டில் வெள்ளம் என்றால் குடிக்கலாம்.
டிவியில் வெள்ளம் என்றால் வீடு போகும்.
"படகு எந்த வெள்ளத்துல போவும்ப்பா?"

படகுக்காரர் பிரதீபன்
போனில் நல்ல மனுஷன்.
அஞ்சு வயசுக்குக் கீழே காசு வேண்டாம் என்றார்.
கைப்பிடிக் கம்பிக்கு நடுவே எவ்வளவு இடம்?
"ஒரு தேங்காய் போகும்."
டோனுவின் தலையை ரெண்டுபேரும் திரும்பிப் பார்த்தோம்.
மிதவைச் சட்டை?
"உண்டு உண்டு, சின்னது பத்துக் கிலோ முதல்."
அதுக்குக் கீழே?
"பேடிக்கண்டா. இடுப்பில் ஒரு கயிறு கெட்டாம்."
கயிறு என்றதும்
சஜிலா பில்லை நாலாய் மடித்து
மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

நான் எடை போடுகிற ஆள்.
பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் ஷீட்டை நிறுத்து
என் வீட்டு அரிசியை வாங்குகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டதும்,
கடை ஷட்டரைப் பாதி தூக்கி
டோனுவைத் தராசில் இருத்தினேன்.
சிவப்பு எண்கள் அவனோடு துள்ளின.
கையில் ஒரு பிஸ்கட் கொடுத்து அடக்கி,
பிஸ்கட்டைக் கழித்தால்
ஒன்பது எழுநூறு.

முந்நூறு கிராம்.
காயாத ரெண்டு ஷீட்டில் அவ்வளவு ஈரம் இருக்கும்,
நான் கூசாமல் கழிவு போடுவேன்.
இங்கே எதைக் கூட்ட?

காலையில் பொடி, சாயங்காலம் நெய்,
நடுவில் வயிற்றுப்போக்கு வந்து
ஊட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டது.
ஓணம் போயிற்று.
கிறிஸ்மஸ் லீவு என்றோம்.
அப்போதுதான் சஜிலா காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தாள்:
சின்னவன் பத்தைத் தொடும்போது
பெரியவள் அஞ்சைத் தாண்டியிருப்பாள்.
"நாலே முக்கால்னு சொன்னா யாரு பாக்கப் போறா?"
மெதுவாகத்தான் சொன்னாள்.
போன் ஸ்பீக்கரில் இருந்தது.
"எனக்கு நவம்பர் ஒம்பதுக்கு அஞ்சு ஆவும்!"
கட்டில்மேல் நின்று கத்தினாள் மகள்.
அந்தப் பக்கம் பிரதீபன் ரொம்ப நேரம் சிரித்தார்.
"ஹாஃப் டிக்கெட், மோளே."

டிசம்பர் முதல் ஞாயிறு மறுபடி ஷட்டர் பாதி.
டோனு சப்பணமிட்டு, பிஸ்கட் இல்லாமலே, அமைதியாக.
எண்கள் நின்றன. பத்து பூஜ்யம் ஐம்பது.
சஜிலா கையைத் தட்டிவிட்டாள்.

தராசில் விரல் வைக்கிறவன் முகம் எனக்குத் தெரியும்.
கூரையைப் பார்ப்பான், அல்லது என்னிடம் நலம் விசாரிப்பான்.
ஷெரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
குனிந்தேன்.
தட்டின் ஓரத்தில் அவளுடைய வலது கால் பெருவிரல்,
அழுத்தியதில் நகம் வெளுத்து.

"காலை எடு மக்களே."
எடுத்தாள்.
ஒன்பது எண்ணூற்றைம்பது.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
டோனு கையை நீட்டி
நின்றுபோன எண்களைத் தொடப் பார்த்தான்.
போனில் பிரதீபன் பேரைத் தேடினேன்:
இருநூறு விரல் அளவு சட்டை
திருவனந்தபுரத்தில் எங்காவது விற்குமா சேட்டா,
நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்,
கயிறு மட்டும் வேண்டாம்.
"இருநூறு விரலா?"
கிலோ, கிலோ, ஒன்பது எண்ணூறு என்று திருத்தினேன்.
வாய் குழறிவிட்டது.
அந்தப் பெருவிரல் இன்னும் என் கண்ணில் இருந்தது.