முதல் கோப்பை

ஷ்கோடர் ஆஸ்பத்திரி.
இடுப்பு முறிந்தவரைத் தள்ளிக்கொண்டு வந்து
நடையில் நிறுத்தியிருக்கிறேன்.
வலது கதவு ஆண்கள், இடது கதவு பெண்கள்.

அடையாள அட்டையில் டிரானே.
மலையில் எல்லோருக்கும் டிரான்.
கொம்பு போய்ப் புள்ளி வந்த பெயர்.

“பழிக்குப் பழி என்று அண்ணனைச் சுட்டார்கள்.
வீட்டுக்கு ஓர் ஆண் தேவைப்பட்டது.
பன்னிரண்டு பேர் பார்க்க,
கல்யாணமே இல்லை என்று சத்தியம் செய்து
கூந்தலை அறுத்தேன். பத்தொன்பது வயது.
அன்று சாயங்காலமே
முதல் கோப்பை காபி எனக்கு வந்தது.”
இருமினார்.
“துப்பாக்கி, கடிகாரம், நிலத்துக்குக் கையெழுத்து
எல்லாம் வந்தது.
அழத்தான் விடவில்லை.”

காபி கொண்டுவந்தவள் தங்கை ஃபிலே.
இப்போதும் தலைமாட்டில் நிற்கிறாள்,
பக்கத்தில் நாற்காலி காலி.
“உட்காருங்கள்” என்றேன்.
“அண்ணன் இருக்கும்போதா?”

சட்டையைக் கத்தரித்தேன்.
மார்பை இறுக்கிய துணி
அறுபது வருஷம் உழுத சால்.
ஃபிலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எந்தக் கதவு?
இருவரும் பதில் சொல்லவில்லை.
படிவத்தின் கட்டத்தில் என் பேனா.
மணி ஏழே முக்கால்.
வீட்டில் மாமனார்
முதல் கோப்பைக்குக் காத்திருப்பார்.