லைன் கிளியர் படிவத்தின் பின்பக்கம்

ஆடிக்காற்றில் செல்லம்பட்டி ஃபீடர் போய்விட்டது.
இரவு ஒன்பது நாற்பது.
ஏணியோடு கிளம்பிய ஒச்சப்பன்
"ஒரு மணி நேரம் மேடம்" என்றான்.
அவன் ஒன்று என்றால் இரண்டு.

உசிலம்பட்டி துணைமின் நிலையத்தில்
நானும் ஒரு செல்போன் டார்ச்சும்.
படிவத்தின் பின்பக்கம் வெற்றாகக் கிடந்தது.

நான்கு சமன்பாடுகளையும்
எட்டு மதிப்பெண்ணுக்கு ஒப்பித்தவள் நான்.
எங்கிருந்து வந்தன என்று கேட்டதில்லை,
புகுந்த வீட்டு வழக்கத்தைக் கேட்காததுபோல.

இன்று கைமாற்று வாங்குவதாக இல்லை.
கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டேன்:
மின்னூட்டம் தொலையாது, திடீரென முளைக்காது.
நிற்கும் ஒன்று இன்னொன்றைத் தள்ளும்,
தூரம் இரட்டித்தால் தள்ளல் கால் பங்கு.
நிற்பவளுக்கும் ரயிலில் போகிறவளுக்கும்
சட்டம் ஒன்றே.

முதலாவது சுலபம்.
ஊரைச் சுற்றி எவ்வளவு தள்ளிச் சாவடி போட்டாலும்
வெளியேறும் லாரிகளின் கூட்டுத்தொகை மாறாது,
உள்ளே எவ்வளவு சரக்கோ அவ்வளவு.

இரண்டாவதற்கு ரயில் வேண்டும்.
போடி வண்டி கூவிக்கொண்டு போனது, நல்லவேளை.
அதன் ஜன்னலோரம் இரண்டு மின்னூட்டங்களை
அருகருகே உட்கார வைத்தேன்.
எதிர் இருக்கைக்காரிக்கு அவை
ஒன்றையொன்று தள்ளுகின்றன, வேறொன்றுமில்லை.
கேட்டருகே நிற்கும் எனக்கோ
அவள் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது,
தள்ளல் ஒரு மயிரிழை குறைகிறது.
அந்தக் குறைச்சலுக்குத்தான்
காந்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எழுதிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.
தவளைகள்.
பிரேக்கர் பெட்டிமேல் ஒரு பல்லி.

காந்தம் நகர்ந்தாலென்ன, சுருள் நகர்ந்தாலென்ன என்று
மூன்றாவதும் அதே வழியில் வந்தது.
நான்காவதில் கணக்கு உதைத்தது.

மின்னோட்டம் மட்டும்தான் காந்தத்தைச் சுழற்றும் என்றால்
எங்கும் எதுவும் சேரக்கூடாது.
ஆனால் பத்தடி தள்ளி கெப்பாசிட்டர் பேங்க்.
ஒரு தகட்டில் சேருகிறது, மறுதகட்டில் குறைகிறது,
நடுவில் ஒரு துளியும் தாண்டவில்லை.
தொலையாது என்று எழுதிய என் கையெழுத்தே
என்னை முறைத்தது.

வரவு இங்கே, செலவு அங்கே,
இடைவெளியில் மாறிக்கொண்டே இருப்பது
மின்புலம் மட்டும்.
அந்த மாற்றத்தையும் ஓட்டமாகப் பற்று எழுதினேன்.
கணக்கு நேரானது.
நேரானதும்,
கம்பியே இல்லாத வெளியில்
இரண்டு புலங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு
அலையாகக் கிளம்பிவிட்டன.

வேகம் பார்த்தேன்.
டார்ச் வெளிச்சத்தின் வேகம்.

சிரிப்பு வந்தது.
ரயில்காரியின் கடிகாரத்தோடு
நானேதான் அதை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன்.
கண்டுபிடித்த ஒளி
முதல் பத்தியிலேயே ஒளிந்திருந்தது,
அந்தப் பத்தியை எழுத எனக்கு வெளிச்சமும் காட்டிக்கொண்டு.

பதினொன்று ஐம்பதுக்கு போன்.
"ஜம்பர் போட்டாச்சு மேடம், சார்ஜ் பண்ணலாம்."
"எர்த் ராடு?"
"எடுத்தாச்சு."
"ஆளுங்க?"
"எல்லாரும் இறங்கியாச்சு. நானும்."

படிவத்தைத் திருப்பி
முன்பக்கத்தில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன்.
நாளை அது கோப்பில் போகும்,
பின்பக்கத்தோடு.

ஒன்று மட்டும் பாக்கி.
காந்தத்துக்கு ஏன் தனி முனை கிடையாது?
அதை நான் நிறுவவில்லை.
இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதால்
சைபர் போட்டுவிட்டேன்.
தணிக்கைக்காரர் கேட்டால்
பார்த்துக்கொள்ளலாம்.