யாருடைய இடது

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு
பதினோரு நாளாக எரிகிறது.
மெக்கானிக் கேட்ட தொகைக்குப்
பாதிக் குளிர்காலத்துக்குக் கரி வாங்கலாம்.
ஆக்ஸிஜன் சென்சாரை மட்டும் வாங்கி
கோட்டுப் பைக்குள் போட்டு வந்தாள் துங்கலக்.

உலான்பாதர், வடக்குச் சரிவு.
பலகை வேலிக்குள் ஒரு வட்டக் கூடாரம், ஒரு நாய்,
வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த பழைய ஜப்பான் கார்.
மைனஸ் பதினெட்டு.
ஊர்ப் புகை கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

சூடு ஆறுவதற்குள் கழற்ற வேண்டுமாம்.
பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தாள்.
ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி,
சக்கரத்துக்குக் கல் கொடுத்து,
கிழிந்த கம்பளத்தில் மல்லாந்து உள்ளே போனாள்.
முதுகுக்குக் கீழே பனிக்கட்டி.
மூக்குக்கு மேலே அடுப்பு.

புகைக்குழாயின் முதுகில்
கட்டைவிரல் பருமனில் இருந்தது அது,
வாலாக நான்கு ஒயர்.
இத்தனை வருடம் வண்டி விட்ட மூச்சையெல்லாம்
மோந்து மோந்து
எரிந்தது போதுமா போதாதா என்று
மேலே சேதி அனுப்பிக்கொண்டிருந்தது.
இப்போது எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

ஸ்பேனர் பொருந்தவில்லை.
பக்கத்து வேலி செந்த்-ஆயுஷ்
ஒயருக்கு வழிவிட்டுப் பிளந்த சாக்கெட்டைக்
கொண்டுவந்து நீட்டினார்.
கீழிருந்து அவர் முழுதாகத் தெரியவில்லை.
இரண்டு கம்பளி பூட்ஸ் மட்டும் பேசின:
"இடது பக்கம் திருப்பு."

திருப்பினாள்.
"இன்னும்."
எண்ணெய் தெளித்து, காத்திருந்து, திருப்பினாள்.
கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி
இரண்டு கையாலும், ஒரு காலை அச்சில் உதைத்தும்.
அடி மேல் அடி அடித்தால் நகர்வது
அம்மி.
இது அம்மி இல்லை.

முக்கால் மணி நேரம் போனது.
பூட்ஸ் ஒன்று லேசாக நகர்ந்து கேட்டது:
"ஆமா, யாருடைய இடது?"

மேலிருந்து பார்ப்பவருக்கு இடது.
கீழே கிடப்பவளுக்கு?
இத்தனை நேரமும்
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.
சிரித்ததில் துரு கண்ணில் விழுந்தது.
நாய் என்னவோ ஏதோவென்று குரைத்தது.

மாற்றித் திருப்பியதும் கிறீச்சென்று
இரண்டு தெரு கேட்கும்படி ஒரு கூச்சல்.
அப்புறம் விரலாலேயே சுழன்று வந்தது.
கையுறையில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது.
விரலிலும் கொஞ்சம்.

புதியதன் மரைக்குப் பசை தடவி
(மூக்கில் ஒரு பொட்டும் படாமல்)
கையால் கோத்து, பிறகு சாவியால் இறுக்கி,
பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியதில்
கார்க் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்விட்டது.
மஞ்சள் விளக்கு வரவில்லை.
தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தாள். வரவில்லை.
பெல்ட் போடாததற்கான சிவப்பு மட்டும் வந்தது.

பழையதைப் பையன் தெமூலென் எடுத்துக்கொண்டான்.
ஓட்டை ஓட்டையான அதன் முனையை
அடுப்பருகே நீட்டிப் பார்த்தான்.
கதவைத் திறந்து ஊர்ப் பக்கம் நீட்டினான்.
"ஒண்ணுமே சொல்லலியேம்மா."
"கதவைச் சாத்து. இருமுவே."

இரவு பத்துக்குக் கோபிச் சுரங்கத்திலிருந்து
கணவனின் போன், பாதிக் காற்றோடு.
"விளக்கு அணைஞ்சிடுச்சு" என்றாள்.
"ஐயோ, கரண்ட் போச்சா?
மெழுகுவத்தி பெட்டிக்குப் பின்னால இருக்கு.
அடுப்புல கரி இருக்கா?"
"இருக்கு."
"பயப்படாதே, என்ன?"
"சரி" என்றாள்,
சுட்ட விரலை
நாக்கில் தொட்டுக்கொண்டே.