தூண்களுக்கு மட்டும்

எழுதிக்கொள்ளும், நோட்டரி அவர்களே.
பிராஸ்பெரோ தவெக்கி, வயது அறுபத்தெட்டு,
இருப்பு பெர்கமோ, தோல் பதனிடுவோர் தெரு.
தொழில்?
ஓவியன் என்றால் சங்கத்தில் சிரிப்பார்கள்.
தூண் என்று எழுதும்.
தூண், தூண்மேல் வளைவு, வளைவுமேல் கைப்பிடிச் சுவர்,
சுவர்மேல் ஒரு பூச்சாடி.
அத்தோடு என் எல்லை முடிந்தது.
அதற்கு மேலே வானம்.
வானத்தில் உருவம் போடுகிறவனுக்கு
என்னைப்போல் மூன்று மடங்கு கூலி.

பதினான்கு வயதில் நூல் பிடித்தேன்.
கரித்தூளில் தோய்த்த நூல்,
ஒரு முனை ஆணியில், மறு முனை என் பல்லில்.
சுண்டிவிட்டால் சுவரில் சுளீரென்று கோடு விழும்.
எல்லாக் கோடும் ஒரே புள்ளிக்கு ஓடவேண்டும்.
அந்தப் புள்ளிக்கு நேர்கீழே தரையில்
ஒரு கருங்கல் வட்டம் பதிப்போம்.
அதில் நின்று அண்ணாந்தால்
தட்டைக் கூரை முப்பது முழம் எழும்பும்.
இரண்டடி தள்ளி நின்றாலோ
என் தூண்களெல்லாம் குடித்துவிட்டுச் சாயும்.
பிரபுக்கள் வட்டத்தில் நிற்பார்கள்.
பணிப்பெண்கள் சுவரோரம் நடப்பார்கள்.
அவர்களுக்கு நாற்பது ஆண்டாக
விழப்போகும் வீடுகளையே வரைந்திருக்கிறேன்.

ஈரச் சுண்ணாம்பு யாருக்கும் காத்திருக்காது.
காலையில் பஸ்தியானோ பூசினால்
காய்வதற்குள் வரைந்தது சுவருக்குள் போகும்,
மிச்சத்தைக் கொத்தி எறியவேண்டும்.
மகன் பிறந்த செய்தி வந்தபோது
ஒரு போதிகையின் பாதியில் இருந்தேன்.
இறங்கவில்லை.
அந்தப் போதிகை இன்றும் நன்றாக இருக்கிறது.
மகன் வெரோனாவில் உப்பு விற்கிறான்.

கூலியா? கன்னிமாடத்தில் பாதி பணம், பாதி பிரார்த்தனை.
ஒரு முறை கோவேறு கழுதை, ஒற்றைக் கண்.
ஆல்ப்ஸுக்கு அப்பால் ஒரு ஜெர்மானிய ஆயர் கூப்பிட்டார்.
போகும் வழியில் பனிக்கு இரண்டு கால்விரல் கொடுத்தேன்.
விருந்தறையில் பன்னிரண்டு பொய்ஜன்னல் வேண்டுமாம்.
ஒளி எந்தப் பக்கமிருந்து, சுவாமி, என்றேன்.
ஆயர் இருமிக்கொண்டே சொன்னார்:
"இத்தாலியிலிருந்து."

இதைக் கவனமாக எழுதும்.
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்பது,
மொரொஸ்கி பிரபுவின் பெரிய கூடம்.
நான் சுற்றுக்கட்டை முடித்துவிட்டேன்.
இனி லத்தான்சியோ வரவேண்டும்,
நான்கு குதிரையோடு அப்பல்லோ,
மேகத்தின்மேல் பிரபுவின் முன்னோர்கள்.
அவனோ கிரெமோனா சாலைச் சத்திரமொன்றில்
விலாங்கு மீன் தின்று
இரண்டே நாளில் செத்துப்போனான்.
முன்பணம் அவன் கடன்காரர்களிடம்.
பிரபு கணக்குப் பார்த்தார்.
"நீயே மூடிவிடு. நீலமாக.
உருவம் கிடையாது, அதற்குக் கூலியும் கிடையாது."

பதினோரு நாள், மல்லாந்த கழுத்தோடு,
கண்ணாடியை அரைத்த நீலம் மட்டும்.
ஓரத்தில் வெளிற, நடுவில் ஆழ.
முகம் இல்லை, தொடை இல்லை, இறக்கை இல்லை.
ஒரே ஒரு மேகம்.

விருந்தன்று எல்லோரும் வட்டத்தில் நெருக்கியடித்து
அப்பல்லோவைத் தேடினார்கள்.
யாரோ செருமினார்.
பிரபு மதுவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.
நான் கதவருகே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.
சுவரோரம் தட்டேந்தி வந்த ஒருத்தி
நின்றாள். அண்ணாந்தாள்.
அவள் நின்ற இடத்திலிருந்து
பன்னிரண்டு தூணும் அவள்மேல் சரிந்துகொண்டிருந்திருக்கும்.
வானம் சரியவில்லை.
வானத்துக்கு வட்டம் வேண்டாம்,
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
"மழை வராது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு
அவள் வாத்துக்கறியை எடுத்துப் போனாள்.

சரி, உயிலுக்கு வருவோம்.
நூலும் ஆணியும் பஸ்தியானோவுக்கு.
கழுதை செத்துவிட்டது, அடித்துவிடும்.
வரவேண்டிய பாக்கி:
மொரொஸ்கி குடும்பத்திடமிருந்து, ஒரு வானம்.
லத்தான்சியோவின் விலையிலேயே போடும்.
மேகத்தை மட்டும் கழித்துக்கொள்ளும்,
அங்கே ஒரு விரிசல் இருந்தது.