கருவாட்டு உப்பு

முப்பத்தொரு மணி நேரமாகச் சவுக்கு தின்றுகொண்டிருந்தது சூளை.
வாய் திறந்தால் நாலு கட்டை,
மூடினால் புகைபோக்கி உச்சியில்
ஒரு முழம் சுவாலை.

நெல்லிக்குப்பம் ஆலையில் பதினாறு வருடம்
கொதிகலன் பார்த்தவன் நான்.
அங்கே நெருப்புக்கு முள் இருந்தது, எண் இருந்தது,
மணிக்கொரு கையெழுத்துப் போடப் பதிவேடு இருந்தது.
இங்கே, தவளக்குப்பத்தில்,
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
துளை வழியே பார்த்துச் சொல்கிறாள் வெரோனிக்:
"இன்னும் பறங்கிப்பழம்தான்.
எலுமிச்சை ஆகட்டும்."

ஆயிற்று.
உள்ளே ஒன்பதாம் எண் கூம்பு
முகூர்த்தம் வரை விழித்திருக்க முடியாத
பெண்வீட்டு மாமா போல
மெல்லத் தலை சாய்ந்தது.
"உப்பு" என்றாள்.

உப்பு மூட்டை இருந்த இடத்தில்
சாக்கு இருந்தது.
ஐப்பசி மழை ஓட்டு விரிசலில் புகுந்து
யாரும் பார்க்காமல் சொட்டிச் சொட்டி
பதினைந்து கிலோவைக் கரைத்து
வாசல் வழியே கூட்டிப்போயிருந்தது.

ஆலையில் என்றால் மேலாளரை எழுப்பலாம்.
மணி இரண்டே கால்.
வண்டியை நல்லவாட்டுக்கு விட்டேன்.

படகு வரும் நேரம்,
அஞ்சலாட்சி விழித்திருந்தாள்.
தலையில் பாலிதீன் பை, இடுப்பில் டார்ச்.
"உப்பா? என்னா மீனுக்கு?"
"மீனுக்கில்ல. பானைக்கு."
வெளிச்சத்தை என் முகத்தில் அடித்துப் பார்த்தாள்.
"பானையக் கருவாடு போடப் போறியா?"

தொட்டியிலிருந்து அவள் வாரிக் கொட்டியது
பழுப்பு உப்பு.
அதில் கவலைச் செதில், நெத்திலித் தலை,
யாரோ குடித்துப் போட்ட ஒரு பீடித் துண்டு.
காசு வாங்கவில்லை.
"ஒரு ஜாடி குடு. வெந்தப்புறம் வரேன்."

பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி
இரும்புச் சட்டத்தில் வைத்து உள்ளே சரித்தோம்.
உப்பு வெடித்தது. பொரிந்தது.
அப்புறம் சத்தமே இல்லை.
செங்கல் இடுக்கெல்லாம் வெள்ளைப் புகை.
"மூச்ச இழுக்காத" என்று கத்தினாள்,
கத்தியதில் தானே இழுத்து இருமினாள்.
காலிச் சாக்கின் வாடைக்கு
மதில்மேல் மூன்று பூனைகள் வந்து உட்கார்ந்தன.
எந்தப் பக்கமும் குதிக்கவில்லை.

நாலரைக்குக் கம்பி விட்டு
ஒரு சோதனை வளையத்தை இழுத்தோம்.
ஆறியதும் கட்டைவிரலால் தடவினேன்.
கமலா ஆரஞ்சுத் தோல்.
மண்ணைக் கண்ணாடியாக்கிவிட்டு
உப்பு போய்விட்டிருந்தது.

மூன்று நாள் கழித்துச் சூளை பிரித்தோம்.
இரண்டு குடுவை தட்டோடு ஒட்டிக்கொண்டன.
ஒன்றின் தோளில் நகக்கண் அளவு பழுப்பு வட்டம்.
செதில் என்கிறாள். சவுக்குச் சாம்பல் என்கிறேன்.
இன்றுவரை தீரவில்லை.

அஞ்சலாட்சி சொன்ன சொல் தவறாமல் வந்தாள்.
அழகானதையெல்லாம் விரல்முட்டியால் தட்டித் தட்டித் தள்ளினாள்.
நெருப்புப் பட்ட பக்கம் சற்றே ஒடுங்கிய
உயரமான ஒன்றின் மூடியைத் திறந்து
முழங்கை வரை கையை விட்டாள்.
"உள்ள சொரசொரன்னுல்ல இருக்கு?"

வெரோனிக் முகம் சிவந்தாள்.
மூடி போட்டு வைத்தால்
ஆவி உள்ளே போகாதாம்.
முன்பே பூச்சு ஊற்றியிருக்க வேண்டும்,
அதற்கு மட்டும் மறந்துவிட்டாளாம்.
"வேற எடுத்துக்கங்க அக்கா."

"உப்பிட்டவர உள்ளளவும் நெனைக்கணும்பாங்க.
இது வெளியளவுக்கு நெனைக்குது.
என் மூத்த பையன் அதுகூட இல்ல."
மூடியைத் திருகி உட்கார வைத்து
இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

கரைந்த உப்பு ஓடிய தடத்தில்
புல் கருகி ஒரு கோடு
வாசலிலிருந்து தார்ச்சாலை வரை போயிருந்தது.
அதன் மேலேயே நடந்து போனாள்
ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை.

நான் ஏணியைத் தேடினேன்,
ஓடு மாற்ற.